உன் அம்மா என்று நான் கீறிய முகம்

மகள்,

உன் கண்காட்சியின் அழைப்பிதழ் நேற்று முன்தினம் தபாலில் வந்தது. தடித்த தாள், நல்ல அச்சு. எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தேன், பிறகு எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். முன்பக்கத்தில் நம் வீட்டுச் சுவரில் இருக்கும் அம்மாவின் படம், அதற்குப் பக்கத்தில் நீ கீறிய உன் முகம். உள்ளே ஏழு படங்களின் பெயர்கள். அம்மாவின் முகம் படிப்படியாக உன் முகமாக மாறுவதுதான் அந்த ஏழும் என்று விளக்கம் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், விளக்கேற்றித் தொடக்கி வைப்பவர் ஓவியரின் தந்தையும் முதல் ஆசிரியரும் என்று போட்டிருக்கிறாய். களுவாஞ்சிக்குடியில் என் கடைக்கு வந்த இரண்டு பேர் அதை வாங்கிப் பார்த்து, கொழும்புக்கே உங்கள் பிள்ளை பெரிய ஆளாகிவிட்டாள் என்று சொல்லிப் போனார்கள். நானும் சிரித்தேன். ஆட்கள் முன்னால் சிரிப்பதற்கு எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் எடுத்தேன். நீ எடுத்ததும் பேசத் தொடங்கிவிடுகிறாய். சட்டம் போடுகிறவன் ஏமாற்றியது, மண்டபத்தில் வெளிச்சம் சரியில்லாதது, பிறகு அந்த 'கான்செப்ட்'. நீ 'கான்செப்ட்' என்று சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டுவேன். போனில் தலையாட்டினால் உனக்குத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வரும். 'அப்பா, இரிக்கீங்களா?' என்று கேட்பாய். இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பெயர்ப் பலகை எழுதி வயிறு வளர்த்தவனின் கையெழுத்தா இது என்று கேட்காதே, கை நடுங்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது, உனக்குச் சொல்லவில்லை. வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஒப்பரேசன் செய்ய வேண்டுமாம். எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டே இந்த வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இதையும் அப்படித்தான் தள்ளிப் போட்டேன்.

நேரே சொல்கிறேன். சுவரில் இருக்கும் அந்தப் படம் உன் அம்மா இல்லை. நான் கீறியதுதான், உன் அம்மாவை நினைத்துக் கீறியதுதான். ஆனால் அந்த முகம் அவளுடைய முகம் இல்லை. இதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. மீதியையும் படி.

உனக்கு அப்போது இரண்டரை வயது. கல்லடிக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் தரையில் நம் வீடு இருந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பழுகாமத்தில், என் தங்கை வீட்டில் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. பந்தலுக்குத் திரை கீறிக் கொடுக்க வேண்டும் என்று நான் முதல் நாளே உன்னையும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். தைக்கக் கொடுத்த சட்டைகள் முடியவில்லை, முடித்துவிட்டு விடியப் புறப்பட்டு வருகிறேன் என்று அம்மா நின்றுவிட்டாள். அவள் புறப்படுவதற்கு முன்னர், காலை ஒன்பது மணியளவில், சுனாமி வந்தது. உனக்கு இவ்வளவும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அந்த வீட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. கலியாணப் படங்கள், அடையாள அட்டை எல்லாம் போயின. அவளுடைய சொந்தக்காரர் எல்லாரும் அந்தத் தெருவிலேயே இருந்தபடியால் அவர்களிடம் இருந்ததும் போனது. அவளுடைய அக்கா, உன் பெரியம்மா, அன்று டவுனில் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போயிருந்ததால் கட்டிய சேலையோடு தப்பினார். என் தங்கை வீட்டில் இருந்த ஒன்றிரண்டு படங்கள் அதற்கு முந்திய யுத்த இடப்பெயர்வுகளிலேயே தொலைந்திருந்தன. ஊரில் உள்ள செத்தவர்களையெல்லாம் கீறிக் கொடுக்கிறவன் வீட்டில் அவன் பெண்சாதியின் ஒரு படம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி ஊரார் அழுதார்கள். எனக்கு அவர்கள் அழுவதைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

என் தொழிலை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். முப்பத்தோராம் நாள் வருகிறது, படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் ஒரு அடையாள அட்டைப் படம் இருக்கும், தபால் முத்திரையை விடக் கொஞ்சம் பெரிது. அதில் கட்டம் போட்டு, பெரிய தாளிலும் கட்டம் போட்டு, கரித்தூளைத் துணியில் தொட்டு ஏற்றுவேன். அது கைப்பழக்கம். அதற்கு மேலே செய்கிறதில்தான் என் பெயர் இருந்தது. ஒரு கண் சிறிதாக இருந்தால் மற்றக் கண்ணுக்குச் சமமாக்குவேன். பல் வெளியே தெரிந்தால் உதட்டை மூடுவேன். வெயிலில் கருத்தவர்களுக்கு ஒரு நிறம் கூட்டுவேன். வாழ்நாள் முழுக்க வெறும் மேலோடு வலை வீசினவருக்குக் கோட்டும் டையும் போட்டுவிடுவேன், அதைப் பார்த்து வீட்டார் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவையெல்லாம் கருணை என்று நினைத்தேன். இறந்தவர்களுக்கு என்னால் முடிந்தது இதுதானே என்று நினைத்தேன்.

ஒரே ஒரு ஆள் மட்டும் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். பழுகாமத்தில் ஒரு வயற்காரரின் மனைவி. அவருடைய கணவருக்கு மாடு முட்டி இடது இமை தொங்கிப் போயிருந்தது, கண் பாதிதான் திறக்கும். நான் அதைத் திறந்து வைத்திருந்தேன், அருமையாக வந்திருந்தது. அந்த மனிசி படத்தைக் கடை மேசையில் படுக்க வைத்துவிட்டு, என்னைக் குற்றம் சொல்வதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்: 'தம்பி, வடிவாத்தான் இரிக்கு. ஆனா அந்தக் கண்ணத் திறந்து போட்டீங்களே. இது எங்கட ஆள் இல்ல.' எனக்குக் கோபம் வந்தது. இமையைத் திரும்பவும் தொங்கவிட்டுக் கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். அவருக்கு ரசனை இல்லை என்று அன்று பின்னேரம் பெரியம்மாவிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. என் தொழிலில் எனக்குப் பாடம் சொல்ல ஒருவர் வந்தார், நான் அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நீ ஒன்றாம் வகுப்புக்குப் போன மாதம். குடும்பப் படம் கீறி வரச் சொன்னார்களாம். நீ என்னைக் கீறினாய், பெரியம்மாவைக் கீறினாய், பெரியம்மாவின் ஆட்டைக் கீறினாய். பிறகு பென்சிலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, அம்மா எப்படி இருப்பா என்று கேட்டாய். அழவில்லை. ஆட்டுக்கு எத்தனை கால் என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். அவளுடைய மூக்கு எப்படி என்று சொல்லத் தொடங்கினால் எனக்கு மூக்கு வரவில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லப் போனால் கண் வரவில்லை. அவள் இருக்கிறாள் என்று தெரிகிறது, கூப்பிட்டால் திரும்புவாள் போல இருக்கிறது, ஆனால் ஒரு கோடும் கைக்கு வரவில்லை. மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அன்று எனக்கு வந்த பயம் சுனாமி அன்றுகூட வந்ததில்லை.

அடுத்த நாள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பகல் முழுக்க அப்படித்தான், ஒன்பது நாள். தாளுக்கு மேல் தாளாகக் கிழித்தேன். கடைசியில் ஒரு முகம் வந்தது. அழகான முகம், அமைதியான முகம், இரண்டு கண்ணும் சமம், மூடிய உதடு, வில் மாதிரிப் புருவம். அதைப் பார்த்து நானே அழுதேன். நான் அழுததால் அதை அவள் என்று நம்பிவிட்டேன். மகள், இதைக் கவனமாகக் கேள், நீ இனி எத்தனையோ படம் கீறப் போகிறவள். கீறுகிறவனுக்குக் கண்ணீர் வந்தது என்பதற்காக அந்தப் படம் உண்மையாகிவிடாது. களைத்துப் போனவனுக்கும் கண்ணீர் வரும்.

பெரியம்மா வந்து பார்த்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று குளித்துவிட்டு வந்திருந்தார் பாவம். 'நல்லாத்தான் கீறியிரிக்கீங்க மச்சான். ஆனா இது ஆரு?' என்றார். பிள்ளைக்கு ஒரு முகம் வேண்டும், இனி இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கதைக்கவே இல்லை அந்த மனிசி. பின்னேரத்தில் உன்னைப் பக்கத்தில் இருத்தி, அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, அம்மாவைக் கும்பிடு என்று தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். தன் தங்கச்சி இல்லாத ஒரு முகத்தின் முன்னால் அவர் எத்தனை வருடம் கைகூப்பியிருக்கிறார் என்று யோசித்தால் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்தப் படம் நான் கீறியதிலேயே மிக நல்ல படம், எனக்குத் தெரியும். அதைப் பிரதி எடுத்துக் கடையில் மாதிரிக்குத் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் அதைக் காட்டி, எங்கட அம்மாவையும் இப்படிக் கீறித் தாங்க என்று கேட்டார்கள். கீறிக் கொடுத்தேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து படுவான்கரை முழுக்க எத்தனை வீட்டுச் சுவரில் எத்தனை அம்மாமார் அந்தப் புருவத்தோடு இருக்கிறார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. சிரிப்பு வந்தால் சிரி. நானும் சில நாள் பஸ்ஸில் போகும்போது நினைத்துச் சிரிப்பேன், பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் புருவம் யாருடையது என்பது உன்னால்தான் தெரிய வந்தது. கம்பஸில் முதலாம் வருட லீவுக்கு வந்திருந்தாய். முகம் கீறிப் பழகச் சொன்னார்கள் என்று பெரியம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாய். ஊரார் உன்னை அப்பாவை உரித்து வைத்தவள் என்று சொல்வார்கள், உனக்கு அது ஒருநாளும் பிடிக்காது. அன்று கண்ணாடியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். 'அப்பா, இஞ்ச பாருங்க. அம்மாட புருவம் அப்பிடியே எனக்கு வந்திரிக்கு. நாடியும் வந்திரிக்கு. எல்லாரும் சும்மா உங்களப் போல எண்டு சொல்றாங்க.' நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் உன் முகம், உன் தோளுக்கு மேலே என் முகம், அதற்கு மேலே சுவரில் அந்த முகம். மூன்றிலும் ஒரே புருவம். ஒரே நாடி. அது என்னுடையது, மகள். ஒன்பது நாள் உன் அம்மாவைத் தேடிய கை, தேடிக் களைத்து, தனக்குத் தெரிந்த முகத்தைக் கீறி வைத்திருக்கிறது. தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்த முகத்துக்குப் பொட்டும் தோடும் வைத்திருக்கிறது. நீ என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நான் தலையாட்டி 'ஓம்' என்றேன்.

முதல் பொய்யை நான் தெரியாமல் சொன்னேன். அந்த 'ஓம்' தெரிந்தே சொன்னது. அந்த ஒரு சொல்லின் மேல்தான் உன் ஏழு படங்களும் நிற்கின்றன.

நீ போன மாதம் அனுப்பிய குரல் பதிவை நான் பல தரம் கேட்டேன். கலை என்றால் தனக்குள் இருக்கிறதை வெளியே கொண்டு வருவது, தன்னை மறைக்காமல் காட்டுவது என்று உன் கம்பஸ் சேர் சொன்னாராம், உனக்கும் அதுதான் கொள்கையாம். உன் சேரோடு சண்டை பிடிக்க எனக்குப் படிப்பு இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் நாற்பது வருடம் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தன்னைக் காட்டுவதற்கு யாரும் மினக்கெட வேண்டாம். அது தானாக வரும். நீ கோயில் சுவரில் மயில் கீறு, சவர்க்கார விளம்பரம் எழுது, முன்பின் தெரியாத ஒரு கிழவரின் முகத்தைக் கட்டம் போட்டு ஏற்று, எதில் கை வைத்தாலும் நீ வந்து உட்கார்ந்துவிடுவாய். கஷ்டம் அது இல்லை. கொஞ்ச நேரம் விலகி நின்று, எதிரே இருக்கிற இன்னொருவர் உள்ளே வருவதற்கு இடம் விடுவதுதான் கஷ்டம். அது எனக்கு ஒருநாளும் முடியவில்லை. நான் கீறியவர்கள் எல்லாரையும் நானாக்கினேன், கருணை என்ற பெயரில் செய்தேன்.

உன்னையும் விடவில்லை. உனக்கு ஏழு வயதிருக்கும், வாவிக் கரையில் இருந்து கீறிக்கொண்டிருந்தாய். தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. நீ அதைத் தாள் முழுக்கக் கீறியிருந்தாய், தோணியும் ஆளும் அதன் காலடியில் எறும்பு மாதிரி. பறவை இவ்வளவு பெரிதாக இருக்காது என்று சொல்லி அழிறப்பரை எடுத்தேன். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது என்று நீ சொன்னாய். நான் அழித்துச் சரியான அளவில் கீறிக் காட்டினேன். அதற்குப் பிறகு நீ அளவாகவே கீறினாய், நானும் பிள்ளை தேறிவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன். முதல் ஆசிரியர் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறாயே, அந்த ஆசிரியரின் லட்சணம் இதுதான். அந்தத் தாளை அழித்ததற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிந்திவிட்டது, ஆனாலும் கேட்கிறேன்.

இனித்தான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகக் கஷ்டமான இடம். இரண்டு மாதத்துக்கு முன்னர், ஒரு மத்தியானம், பெரியம்மா கடைக்கு வந்தார். பஸ் ஏறிக் கடைக்கு வருகிற ஆளில்லை அவர், முழங்கால் வலி. உன் அம்மா கலியாணத்துக்கு முன்னர் வாழைச்சேனையில் ஒரு தையல் வகுப்புக்குப் போனவள். அங்கே கூடப் படித்த ஒரு பெண்ணைப் பெரியம்மா எங்கேயோ ஒரு செத்த வீட்டில் சந்தித்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் வகுப்பு முடிந்த அன்று எடுத்த படம் ஒன்று இருந்திருக்கிறது. அதைத்தான் பொலித்தீன் பையில் சுற்றி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், முன்வரிசை கதிரையில், பின்வரிசை நின்றபடி. ஓரத்தில் ஈரம் பட்டுப் பழுத்திருந்தது, முகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மா அதை மேசையில் வைத்தார். நான் பூதக் கண்ணாடியை எடுத்தேன். என் கை நடுக்கம் அன்று நின்றுவிட்டிருந்தது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் மூன்றாவதாக ஒரு பெண். அமைதியான முகம், சமமான கண், மூடிய உதடு. விரலை வைத்து, இவள்தான் என்றேன்.

பெரியம்மா என் விரலை மெல்ல எடுத்து, பின்வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தார். 'அது ஆரோட புள்ளையோ தெரியா மச்சான். என்ட தங்கச்சி இஞ்ச நிக்காள்.'

நான் அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். பூதக் கண்ணாடி வைத்து, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, இவள் இல்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஐந்து வருடம் கூட வாழ்ந்தவள், எனக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுத் தந்தவள். அவளைத் தேடாமல், நான் கீறிய முகத்தைத் தேடியிருக்கிறேன். கடல் அவளைக் கொண்டுபோனது. அவளுடைய முகம் எனக்குள் கொஞ்சமாவது கிடந்திருக்கும், அதன் மேல் அந்தப் படத்தை வைத்துத் தேய்த்து அழித்தவன் நான்தான். இதைப் பெரியம்மாவின் முன்னால் உணர்ந்தேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மேசையில் தலையை வைத்து அழுதேன். பெரியம்மா அவர்களிடம், அவருக்குச் சுகமில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன். அகலமான நெற்றி. மேற்பல் இரண்டு கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறது, அதை மறைக்கவே இல்லை, வாய் நிறையச் சிரிக்கிறாள். வெயிலுக்கு ஒரு கண் இடுங்கியிருக்கிறது. புருவம் என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மெல்லிசாக இரண்டு கோடு. எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கிறாள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அந்தப் பெண்ணின் பின்னலைப் பின்னுக்கிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் கத்துவதற்கு வாயைத் திறக்கப் போகிறாள். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அவள் வந்தாள். குழப்படிக்காரி. நான் ஏணியில் நின்று பலகை எழுதும்போது கீழே நின்று ஏணியை ஆட்டுவாள். நான் ஏசினால், எழுத்து ஆடினால் கடைக்காரனுக்குத் தெரியவா போகிறது என்பாள். அமைதியான முகமாம். அவள் தூங்கும்போதுகூட அப்படி இருந்ததில்லை.

அவளைத் திரும்பக் கீற முயன்றேன். கட்டம் போட்டேன், கரித்தூள் எடுத்தேன், மூன்று தாள். முதல் தாளில் உதடு மூடிவிட்டது. இரண்டாவதில் பல்லை உள்ளபடி விட்டேன், கண் சமமாகிவிட்டது. மூன்றாவதில் எல்லாவற்றையும் உள்ளபடி விட்டுக் கவனமாகப் போனேன், முடித்துவிட்டு எழும்பிப் பார்த்தால் புருவம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கரித்துணியை வைத்துவிட்டேன், மகள். இனி எடுக்க மாட்டேன். இது கோபத்தில் சொல்வது இல்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான். இந்தக் கைக்கு ஒரு முகம்தான் தெரியும், அதையே வாழ்நாள் முழுக்கக் கீறியிருக்கிறது.

கண்காட்சியை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நீ போனில் அனுப்பிக் காட்டிய அந்த ஏழு படமும் மோசமில்லை. நீ கீறியதில் ஒரு கோடும் பொய்யில்லை, பார்த்ததைப் பார்த்தபடி கீறியிருக்கிறாய். கீழே எழுதிய பெயர்தான் பிழை, அந்தப் பிழை என்னுடையது. அம்மாவைத் தேடிப் புறப்பட்டு நீ என்னிடம் வந்து நிற்கிறாய். உனக்கு அது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். நிறுத்துவதா, பெயரை மாற்றுவதா, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்வதா என்பதை நீ முடிவு செய். சொல்வது என்றால் நான் பக்கத்தில் நிற்கிறேன், என் பெயரைச் சொல்லியே சொல். என்னோடு கதைக்கப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் சரிதான், பெரியம்மாவோடு கதை. அவரைக் கோபிக்காதே. அவர் வாயை மூடியவன் நான். எதுவும் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று விளக்கேற்ற மட்டும் என்னால் முடியாது, அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

சுவரில் இருந்த படத்தை இன்று காலை கழற்றிவிட்டேன். அந்த இடம் வெளிறிப்போய்ச் சதுரமாகத் தெரிகிறது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

வாழைச்சேனைப் படத்தை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று மேலே சொல்லிவிட்டேன், ஆனாலும் நீயாகத் தேடிப் பார். உன் முகத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே. அதைச் சொல்வதற்கு என் கண்ணை இனி நானே நம்பமாட்டேன். நீ அவளைக் கண்ட ஞாபகம் இல்லாதவள். இத்தனை வருடம் அதற்காக உன்னைப் பார்த்துப் பாவப்பட்டேன். இப்போது அது ஒன்றுதான் நல்லதாகத் தெரிகிறது, திருத்துவதற்கு உன்னிடம் ஒன்றும் இல்லை. என்ன தெரிகிறதோ அதைக் கீறு. பல்லை உள்ளபடி விடு. கண்ணை விடு. அவள் அந்தப் பெண்ணின் பின்னலை இழுக்கட்டும். உன் புருவம், அதாவது என் புருவம், நடுவில் வரும். வந்தால் அழித்துவிட்டுத் திரும்பக் கீறு.

அவசரமில்லை. கண் ஒப்பரேசன் முடிந்து கட்டு அவிழ்க்கும் வரைக்கும் நேரம் இருக்கிறது. முடிந்ததும் கொண்டுவந்து, யார் என்று சொல்லாமல் என் முன்னால் வை. இந்த முறை நான் அவளைத் தாண்டிப் போகக் கூடாது.

அப்பா